பாட்டு நின்ற இடம்

அந்தப் பெண் யாராக இருக்கும்? கொஞ்ச நாட்களாக அழகுமீனாவுக்குச் சோறே இறங்கவில்லை.

செல்போனில் பாடி வீடியோ போட்ட முனியராஜை ஒரு ஸ்டூடியோ கூப்பிட்டுப் பாட வைத்தது. அந்த முதல் பாட்டைத்தான் சிவகாசிப் பக்கமே முணுமுணுத்தது. ஒரு வரி பாதியில் சட்டென்று நிற்கும்... பிறகு தொடரும்... அந்த இடத்தில் அவளுக்கு உயிரே போய் வரும். பேட்டியில், “இப்படிப் பாட எங்கே கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டதற்கு, “ஒரு பொண்ணுகிட்ட” என்று வெட்கத்தோடு சிரித்தான், பாவி!

இன்று மின்னல் வெட்டியதும் பட்டாசுக் கம்பெனியில் வேலையை நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். ஆமத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவள், மழைக்கு நிழற்குடையில் ஒதுங்கினாள். யாரோ ஒருவன் ஓடி வந்து அவள் காலை மிதித்தான்.

“கண்ணு தெரியலையா?”

“மன்னிச்சுக்கங்க... அக்கா வீட்டுல இருந்து பஸ்ஸப் பிடிக்க ஓடியாந்தேன்.”

அட, முனியராஜ்! நனைந்த இமைகளுக்குள்ளே அந்தக் கண்கள்... ஐயோ! மனம் குழைந்ததுமே அந்தப் பெண்ணும் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தாள்.

“ஒங்க பாட்டு டீச்சரம்மா கொட குடுத்து விடலையாக்கும்?”

சிரித்தான். “அவக மொகத்தயே பாத்ததில்லங்க. நாரணாபுரத்துல கருப்பணன் அண்ணாச்சி கம்பெனியில முன்னால விடியக்காலம் பட்டாசு மருந்து கலக்கிக்கிட்டு இருந்தேன். உள்ள போனு கெடையாது. தள்ளி ஒரு ரூம்ல இருந்து அந்தக் கொரலு மட்டும் கேக்கும். பொம்பளையாளுக சாப்பாட்டுக்கு வெளிய வாரதுக்குள்ள என் வேல முடிஞ்சு கெளம்பிருவேன்.”

அவளுடைய கம்பெனி! அப்படியென்றால், ஒரே ரூமில் தன்னோடு மாறி மாறிப் பாடும் முத்துச்செல்விதான்! இனி அவளோடு பேச்சே கிடையாது.

“முத்துச்செல்வியா?”

“பேரு தெரியாதுங்க. நடுவுல நின்னு நின்னு பாடுவாக. பட்டாசுக் கொளாயில மருந்து அடைக்கையில தூசி தொண்டைக்குப் போயிராம வாய மூடிக்குவாக போல. ரெக்கார்டிங்ல, ‘நிறுத்தாமப் பாடுப்பா’ன்னு திட்டுனாக. எனக்கு அப்படித்தான் வந்துச்சு.”

அழகுமீனா திகைத்தாள். முத்துச்செல்வி திரி செருகுபவள். மருந்து அடைப்பது...

விருதுநகர் பஸ் வந்து நின்றது.

“சென்னைக்கு ரயிலு பிடிக்கணும், அடுத்த ரெக்கார்டிங். வாரேங்க.”

“அவகளப் பாத்தா என்ன செய்வீக?”

“என்னயக் கட்டிக்கிறீகளான்னு கேட்டுருவேன்!”

படியில் கால் வைத்துவிட்டான். இப்போது வாய் திறக்காவிட்டால் போயே போய்விடுவான்... கூச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, அவன் பாட்டையே பாடினாள். பாதி வரியில், பழக்கதோஷம், உதடு தானாக மூடிக்கொண்டது...

மிச்ச வரியை அவன் பாடினான், கீழே இறங்கி நின்று. கண்டக்டர் திட்டிக்கொண்டே விசில் அடித்தார்.

“இம்புட்டு நாளா என்மேலயே பொறாமப்பட்டிருக்கேன்...” அவளுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. “ம்... என்னமோ கேக்கணும்னீகளே... கேளுங்க!”