புரொப்பல்லரில் ஒரே ஒரு சிவப்புத் துணி

சனிக்கிழமை, காலை 9.20.

சோயா வயலின் நடுவே அந்தச் சின்ன விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. இறக்கை இரண்டும் முழுசாக இருந்தன. வாலில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே வார்ப்பட்டையோடு உட்கார்ந்திருந்த வெண்டெல் புரொஹாஸ்கா மட்டும் செத்துப்போயிருந்தார். பதினோரு வருடம் தன் கையாலேயே கட்டிய விமானம்.

ஆர்டிஸ் டீக்தான் முதலில் ஓடிப்போய்ச் சேர்ந்தாள். நெப்ராஸ்காவின் அந்த விமானத் திடலில் முப்பது வருடமாக எஞ்சின் பழுது பார்ப்பவள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. வெண்டெலின் கழுத்தில் நாடி பார்த்தாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், தொழில் பழக்கத்தில், எஞ்சினைத் தொட்டாள். இடது உள்ளங்கை பொசுங்கிப்போனது. விழாமலிருக்க வலது கையால் ரேடியேட்டரைப் பிடித்தாள். அது வெறும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த நேரத்தில் அவளுக்கு அது உறைக்கவில்லை.

வெண்டெலின் கடைசிப் பேச்சைத் திடலில் எல்லோரும் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலையென்றால் அங்கே எல்லோருக்கும் பான்கேக். மூலையில் ரேடியோ கரகரத்துக்கொண்டிருக்கும். 8.55க்கு அவர் குரல் வந்தது. "தண்ணி ரொம்ப சூடாகுது. திரும்பி வர்றேன். என் பங்கை வெர்னன் தின்னுடுவான், பாத்துக்கங்க." எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய பழைய சிநேகிதர் வெர்னன் லிண்டால் இன்னும் பலமாகச் சிரித்தார்.

ஞாயிறு, காலை 11.00.

அரசாங்கத்திலிருந்து வந்த இளைஞன் படம் எடுத்தான், குறிப்பு எழுதினான். பழைய ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து எடுத்த சுழல் எஞ்சின். பிஸ்டன் கிடையாது, முக்கோண உருளை சுற்றும். சூடு தாங்காமல் உள்ளே ரப்பர் வளையங்கள் உருகி, தண்ணீர் உள்ளே புகுந்து எஞ்சின் நின்றிருக்கிறது. சூடானது ஏன்? எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டியைக் கழற்றி வெல்டிங் செய்து, விபத்துக்கு முந்தின நாள்தான் மாட்டியிருக்கிறார்கள். உள்ளே காற்று அடைத்திருக்கும் என்று சொல்லிவிட்டு அவன் காரில் ஏறிப் போய்விட்டான். முழு அறிக்கை வர ஒரு வருடம் ஆகுமாம்.

தொட்டியை வெல்டிங் செய்து தண்ணீர் ஊற்றியவள் வெண்டெலின் ஒரே மகள் கொரீன். நேற்றிலிருந்தே அவள் எதுவும் சாப்பிடவில்லை; இப்போது அந்த வார்த்தையும் காதில் விழுந்துவிட்டது. கொட்டகை வாசலில் ஒரு கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பனைக் கொன்ற கை என்று அவள் முடிவு கட்டியாகிவிட்டது. இந்தப் பெண்ணை இப்படியே விட்டால் இவளும் மிஞ்சமாட்டாள் என்று ஆர்டிஸுக்குப் பட்டது.

ஞாயிறு, பகல் 2.00.

கொட்டகைக்குக் கொண்டுவந்த விமானத்திலிருந்து தொட்டியைக் கழற்றி, காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் பூசினாள் ஆர்டிஸ். ஒரு குமிழிகூட வரவில்லை. காற்று வெளியேறும் குழாயும் அடைப்பில்லாமல் இருந்தது.

"வியாழக்கிழமை என்னென்ன பண்ணினே, கொரீன்?"

"காலைல தண்ணியை வடிச்சேன். ஒழுகின தொட்டியைக் கழட்டினேன். புரொப்பல்லர்ல துணி கட்டிட்டு வெல்டிங்குக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். அப்பா கண் டாக்டர்கிட்ட போயிருந்தார்."

"வெள்ளிக்கிழமை?"

"மாட்டி, தண்ணி ஊத்தினேன். காத்து போற வரைக்கும் அப்பா எஞ்சினை ஓட்டினார். நல்லா இருந்துச்சு, ஆர்டிஸ். எப்பவும்விட சில்லுனு இருந்துச்சு. முள்ளு பாதிகூட ஏறல. தொல்லை தீந்துச்சுடின்னு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார்."

"துணி?" என்றாள் ஆர்டிஸ்.

"நான் கட்டினதை நானே அவுத்தேன்."

"எத்தனை இருந்துச்சு?"

"ஒண்ணுதான்."

அந்தத் திடலில் யாரும் கொட்டகையைப் பூட்டுவதில்லை. யாருடைய விமானத்தில் யார் வேண்டுமானாலும் கை வைத்து உதவலாம். இரண்டே இரண்டு சட்டம். கை வைத்தவர் புரொப்பல்லரில் தன் சிவப்புத் துணியைக் கட்ட வேண்டும்; அவரவர் துணியை அவரவரே அவிழ்க்க வேண்டும். ஒரு துணி தொங்கினாலும் விமானம் பறக்காது. அடுத்தது, முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் தன் நிறத்தில் ஒரு கோடு போட வேண்டும். வெண்டெலுக்கு நீலம், கொரீனுக்கு மஞ்சள்.

கொரீனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஆர்டிஸ் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். இடது கையில் கட்டு. வலது கையில் ஒன்றுமில்லை. எஞ்சின் வெந்து போகிறது, ரேடியேட்டர் சுகமாக இருக்கிறது. அப்படியென்றால் சுடு தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே அதிகம் போகவில்லை. பின்னே எங்கே போனது?

டார்ச்சை எடுத்துக்கொண்டு எஞ்சினுக்கு அடியில் புகுந்தாள். சூட்டுக்கு ஏற்பத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டின் மூடியில் இரண்டு போல்ட். நீலக்கோடு சுரண்டப்பட்டு, அதன்மேல் புதிதாக வேறொரு கோடு. பச்சை.

ஞாயிறு, மாலை 4.30.

வெர்னன் தன் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருந்தார். வெண்டெலோடு நாற்பது வருடச் சிநேகம். இருவரும் ஒருவரை ஒருவர் கேலி செய்யாமல் ஒரு காபி குடித்ததில்லை.

"உன் பெயின்ட் பச்சைதானே, வெர்னன்?"

"ஆமா. ஏன்?"

"தெர்மோஸ்டாட்டை எடுத்தியா?"

"எடுத்தேன். வியாழக்கிழமை. தண்ணி வடிஞ்சு கிடந்துச்சு, ரெண்டு போல்ட்டுதான். மேல பறக்கறப்போ அது திறக்காம மாட்டிக்கிட்டா வெண்டெல் என்ன பண்ணுவான்? நான் இருபது வருஷமா அது இல்லாமதான் பறக்கறேன். வெள்ளிக்கிழமை தங்கச்சி வீட்டுக்கு ஓமஹா போயிட்டேன். சனிக்கிழமை நான் வர்றதுக்குள்ள அவன் கிளம்பிட்டான், திரும்பி வந்து சாப்பிடறப்போ சொல்லி அவனை ஆச்சரியப்படுத்தலாம்னு இருந்தேன். ரேடியோவுல கேட்டப்பகூட, வேற ஏதோன்னுதான் நெனச்சேன்."

ஆர்டிஸ் அவர் எதிரில் உட்கார்ந்தாள். சொல்லித்தான் ஆக வேண்டும். "உன் எஞ்சின் வேற, வெர்னன். இதுல தெர்மோஸ்டாட்டுக்கு அடியில ஒரு தட்டு இருக்கும். சூடானதும் மேல ரேடியேட்டருக்கு வழி திறக்கும். கீழ, தண்ணி பம்புக்கே திரும்பிப் போற ஓட்டையை அந்தத் தட்டு மூடும். எடுத்துட்டா ஓட்டை திறந்தே கிடக்கும். தண்ணி ரேடியேட்டரைச் சுத்தாம குறுக்கு வழியில எஞ்சினுக்கே திரும்பிடும். எடுத்தா அந்த ஓட்டையை அடைக்கணும். தரையில மெதுவா ஓட்டறப்போ தெரியாது. சில்லுனுகூட இருக்கும். முழு வேகத்துல மேல ஏறறப்போ வெந்துடும்."

வெர்னன் தன் பச்சைப் பெயின்ட் டப்பாவைப் பார்த்தார்.

"பச்சைக் கோட்டை அவன் பாத்திருப்பானே?"

"கண்ணுல புரை. நீலம் எது, பச்சை எதுன்னு அவருக்குத் தெரியாது. அதுக்குத்தானே டாக்டர்கிட்ட போனாரு. நீ துணி ஏன் கட்டல?"

"ஏற்கெனவே ஒண்ணு தொங்கிச்சு, ஆர்டிஸ். அதான் சிவப்பா ஒண்ணு இருக்கே, எவன் பறக்கப் போறான்னு விட்டுட்டேன். அது யாரோட துணி?"

ஆர்டிஸ் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது. ஒரு துணி இரண்டு வேலைக்குக் காவல் நின்றிருக்கிறது. தன் வேலை முடிந்ததென்று கொரீன் அதை அவிழ்த்திருக்கிறாள். சட்டப்படி சரியாகத்தான் செய்தாள். ஆனால் தான் அவிழ்த்ததால்தான் அப்பா பறந்தார் என்றல்லவா அந்தப் பெண்ணின் காதில் அது விழும்?

திங்கள், காலை 10.00.

வெண்டெலின் கொட்டகையில் மூவரும் நின்றார்கள். கழற்றிய மூடியை மேசைமேல் வைத்து, தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய காலி இடத்தையும் அடியில் திறந்து கிடந்த ஓட்டையையும் ஆர்டிஸ் காட்டினாள். சூடான எஞ்சின், ஆறிப்போன ரேடியேட்டர், வெள்ளிக்கிழமை ஏறாத முள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். உன் வெல்டிங்கில் ஒரு குறையும் இல்லை, தண்ணீரையும் சரியாகத்தான் ஊற்றினாய் என்று கொரீனிடம் இரண்டு தடவை சொன்னாள். பிறகு பச்சைக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள்.

கொரீன் திரும்பினாள். "வெர்னன் அங்கிள்?"

"நான்தாம்மா எடுத்தேன்."

"துணி கட்டலையா? நான் பாத்தப்போ என்னுது மட்டும்தானே இருந்துச்சு?"

ஆர்டிஸ் வெர்னனைப் பார்த்தாள். அவர் ஆர்டிஸ் பக்கம் பார்க்கவே இல்லை. தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மறந்துட்டேன். உன் துணியை நான் பாக்கக்கூட இல்ல. வயசாயிடுச்சு, அவசரத்துல மறந்துட்டேன். எல்லாம் என் தப்புதான்."

கொரீன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒரு துணி, அங்கிள். ஒரு முழத் துணி கட்ட உங்களுக்கு முடியலையா?" அதற்குப் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள். சனிக்கிழமையிலிருந்து அவள் அழுவது அதுதான் முதல் தடவை. அன்று மத்தியானம் ஒரு கிண்ணம் சூப் குடித்ததாக ஆர்டிஸ் பிறகு கேள்விப்பட்டாள்.

அந்த அரசாங்க இளைஞனுக்கு ஆர்டிஸ் எழுதிய கடிதத்தில் மூடி, ஓட்டை, பச்சைக் கோடு எல்லாம் இருந்தன. துணியைப் பற்றி ஒரே வரிதான்: வேலை செய்தவர் தன் துணியைக் கட்டவில்லை. அதில் பொய் இல்லை. வெர்னனும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கொரீன் அதற்குப் பிறகு வெர்னனோடு பேசவில்லை. அவர் எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். திடலில் மற்றவர்களும் அப்படித்தான். நாற்பது வருடச் சிநேகிதனைக் கவனக்குறைவால் கொன்றவன் என்று பேசினார்கள். ஓடிவிடாமல் அவர் சனிக்கிழமைதோறும் வந்தார். கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்தார். இரண்டு பான்கேக் வாங்குவார், ஒன்றை மட்டும் சாப்பிடுவார்.

மூன்றாவது சனிக்கிழமை ஆர்டிஸ் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் எதிரில் உட்கார்ந்தாள். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. அவளும் சொல்லவில்லை.