கிழிய வேண்டிய தையல்

சத்தம் முதலில் கேட்டபோது யோகமலர் ஒரு கல்யாண பிளவுசின் கழுத்துக்குப் பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தாள். டக். சற்றுப் பொறுத்து இன்னொரு டக். இரும்பில் இரும்பு கொளுவுகிற சத்தம், படிக்கட்டுப் பக்கமிருந்து வந்தது. மெசினிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காது கொடுத்துப் பார்த்தாள். ஹீட்டர் குழாயாக இருக்கும். நவம்பர் பிறந்துவிட்டால் லண்டன் செவன் கிங்ஸில் எந்த வீட்டுக் குழாய்தான் முனகாமல் இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, துணியை மறுபடி ஊசிக்குக் கீழே தள்ளினாள்.

ஆனால் கை ஓடவில்லை. அது குழாயின் சத்தம் இல்லை என்று அவளுக்கே தெரியும். இந்த வீட்டில் அந்தச் சத்தத்தை அவள் நூறு தடவையாவது கேட்டிருப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு மகள் மிதுஷாவுக்கு மலை ஏறுகிற பைத்தியம் பிடித்தபோது, இந்தப் படிக்கட்டில்தான் பழகினாள். செங்குத்தான பாறைகளில் ஆட்கள் போவதற்கு இரும்பு வடம் இழுத்துக் கட்டியிருப்பார்களாம். ஏறுகிறவரின் இடுப்புப் பட்டியிலிருந்து இரண்டு நாடாக்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கொக்கி. இரண்டு கொக்கியையும் வடத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். வடத்தைப் பாறையோடு பிடித்திருக்கும் ஆணி வந்ததும் ஒரு கொக்கியைக் கழற்றி ஆணிக்கு அப்பால் மாட்டி, அதற்குப் பிறகுதான் மற்றதைக் கழற்றலாம். லண்டனில் மலைக்கு எங்கே போவது? முந்தி இருந்த வீட்டுக்காரன் படிக்கட்டுச் சுவரோடு பூட்டிவிட்டுப் போன மெல்லிய இரும்புக் குழாய்தான் மிதுஷாவுக்கு வடம். அந்தக் கைப்பிடியைத் தாங்கி நின்ற ஐந்து இரும்புத் தாங்கிகளும் ஐந்து ஆணிகள். ஒவ்வொரு தாங்கியைக் கடக்கும்போதும் டக், டக்.

"ஒரு நேரமும் ரெண்டையும் ஒண்டாக் கழட்டக்கூடாதம்மா. அதுதான் ரூல்."

"மேல போய்ப் படுக்கிறதுக்கு இவ்வளவு பாடோ?" என்று யோகமலர் சிரித்துக்கொண்டே அவளைத் தாண்டி உடுப்புக் கூடையோடு ஏறிப் போவாள்.

ஆனால் மிதுஷா இப்போது வீட்டில் இல்லை. நேற்று விடியுமுன் டாக்சி வந்து ஹோர்ன் அடிக்க, ஒரு கையில் கடித்த பாண் துண்டும் மறுகையில் பையுமாக ஓடினாள். இன்று ஸ்பெயினில் ஏதோ ஒரு மலையில் நிற்கிறாள். கணவர் பத்மநாதன் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

யோகமலர் எழுந்து முன்பக்கம் வந்தாள். மணி மூன்றரைதான், ஆனாலும் கதவுக் கண்ணாடியில் வெளிச்சம் சாம்பல் பூத்துப் போயிருந்தது. படிக்கட்டு அரை இருட்டில் மேலே போய் மறைந்தது. ஒன்றுமில்லை. அவளுடைய செருப்பு, பத்மநாதனின் குடை, பிரிக்காத கவுன்சில் கடிதம். தன் பயத்தை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது. லைட்டைப் போடுவதற்காகக் கையை நீட்டியபோது கைவிரல் கைப்பிடியில் பட்டது.

குழாய் சூடாக இருந்தது. வெறும் சூடு இல்லை, நாள் முழுக்க வெயிலில் கிடந்த இரும்பின் சூடு. கையை இழுத்துக்கொண்டாள். அப்போதுதான் மணமும் தெரிந்தது. ஈரக் கோட்டும் நேற்றைய குழம்பும் மணக்கிற அந்த இடத்தில், காய்ந்த கல்லின் மணம், பெயர் தெரியாத ஏதோ காட்டுச் செடி கசங்கிய மணம், அதோடு மிதுஷா முகத்துக்குப் பூசுகிற வெயில் கிரீமின் மணம்.

அவள் கண் முன்னால், இரண்டாவது தாங்கியில், டக்.

குழாய் இலேசாக நடுங்கியது.

டக்.

எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. தாங்கியைச் சுற்றி வெறும் சுவர், பூப்போட்ட வோல்பேப்பர். யோகமலர் மூச்சு விடாமல் நின்றாள். மிதுஷாவின் கொக்கிகள் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அலுமாரியில்தான் எப்போதும் தொங்கும், அதற்குள் எலி ஏதும் புகுந்து அவற்றை ஆட்டுகிறதா என்று ஒரு அற்ப நம்பிக்கை வந்தது. அலுமாரியைத் திறந்தாள். உள்ளே பல்ப் போய் ஒரு மாதமாகிறது. போன் வெளிச்சத்தில் பார்த்தாள். எலியைக் காணவில்லை. ஆனால் மிதுஷாவின் புதுப் பட்டி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நாடா, இரண்டு கொக்கி, நடுவில் இழுத்து மூடுகிற சிப் வைத்த கறுப்புக் குட்டிப் பை. கடை அட்டைகூட இன்னும் கழற்றப்படவில்லை.

புதுசு இங்கே இருக்கிறதென்றால், மகள் கொண்டு போனது எது?

ஆணியைச் சுற்றித் தடவினாள். வேறொன்றும் இல்லை. அங்கே இரண்டு பட்டி தொங்கியதை அவள் ஒருத்திதான் அறிவாள்.

செப்டெம்பரில் மிதுஷா இத்தாலியில் சறுக்கி விழுந்திருந்தாள். வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "அந்தக் குட்டிப் பைக்குள்ள இருக்கிற தையல் பர்ர்ர் எண்டு கிழிஞ்சுதம்மா. எனக்கு ஒரு கீறல் இல்லை."

"ஆர் தைச்சவன்? இவ்வளவு விலை குடுத்து வாங்கிற சாமானுக்கு ஒழுங்காத் தைக்கத் தெரியாதோ?" என்று யோகமலர் கொதித்தாள்.

"அவன் நல்லாத்தான் தைச்சிருக்கிறான்" என்று மிதுஷா இன்னும் கூடச் சிரித்தாள். பிறகு அதைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, அதே கொம்பனியில் அதே நிறத்தில் புதிது வாங்கினாள். யோகமலருக்கு மனம் கேட்கவில்லை. நாடா நல்லது, கொக்கி நல்லது, தையல் மட்டும்தானே விட்டிருக்கிறது? இருபத்திரண்டு வருடமாக இந்த ஊர்ப் பெண்களுக்குத் தைக்கிறாள். தையல் விட்டுப் போயிற்று என்று ஒரு துணி அவளிடம் திரும்பி வந்ததில்லை. குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து, துடைத்து, விரிந்து கிடந்த நாடாவைப் பழைய மடிப்பிலேயே மடித்து, தோல் பை தைக்கிற பெரிய மெசினில் வைத்தாள். கையிருப்பில் இருந்த கட்டியான நூல் மெரூன் நிறம். நெருக்கமாக மூன்று வரிசை ஓட்டினாள். பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்துவிட்டால், எது பழசு எது புதுசு என்று அவளுக்கே தெரியவில்லை. அக்கா மகன் ஆரணனும் மலை ஏறுகிறவன்தானே, அவனுக்குக் கொடுக்கலாம் என்று எண்ணிப் புதியதற்கு முன்னால் அதே ஆணியில் மாட்டிவிட்டாள். சொல்ல வேண்டும் சொல்ல வேண்டும் என்று நினைத்து மறந்தும் போனாள். நேற்று விடியுமுன் அந்த இருட்டுக்குள் மிதுஷா கை நீட்டியபோது அகப்பட்டது முன்னால் தொங்கியதுதான்.

நோர்பரியில் இருக்கும் ஆரணனுக்கு போன் எடுத்தாள்.

"சொல்லுங்கோ சின்னம்மா."

"தம்பி, மலை ஏறிற பட்டியில ஒரு குட்டிப் பை இருக்கெல்லோ. அதுக்குள்ள தையல் விட்டுப் போனா, திருப்பித் தைச்சுப் பாவிக்கலாமோ?"

அவன் சிரித்தான். "ஐயோ, தைக்கக்கூடாது. அது கிழியிறதுக்கெண்டே தைச்சது. ஆள் விழேக்க தையல் ஒண்டொண்டாக் கிழிஞ்சு குடுத்து, விழுந்த வேகத்தைக் குறைக்கும். கிழியாட்டி முழு அடியும் ஆளின்ர முள்ளந்தண்டிலதான். ஒருக்கா விரிஞ்சா அது குப்பை."

"நல்ல வடிவா, இறுக்கித் தைச்சா?"

"இறுக்கித் தைச்சா இன்னும் மோசம். ஏன் சின்னம்மா கேக்கிறியள்?"

மூன்றாவது தாங்கி. டக், டக்.

"சும்மா" என்றாள் யோகமலர்.

போனை வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னாள் என்பது அவளுக்கு உறைத்தது. மகளின் உயிர் ஒரு நாடாவில் தொங்குகிறது, தாய்க்கு வெட்கம் பெரிதாகப் போயிற்று. தன் வாயிலேயே அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மத்தியானம் மிதுஷா அனுப்பிய படத்தை எடுத்துப் பெரிதாக்கினாள். நீல வானம், மஞ்சள் பாறை, தலைக்கவசத்தோடு சிரிக்கிற பிள்ளை. 'இப்ப தொடங்கிறம், நாலு மணித்தியாலம்.' முகத்தை விட்டு இடுப்புக்கு இறக்கினாள். கறுப்புப் பை. சிப் ஒரு விரலளவு திறந்திருந்தது. அந்த இடுக்கில் ஒரு மெரூன் கோடு.

மிதுஷாவுக்கு அடித்தாள். தொடர்பு கொள்ள முடியவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடியும் இல்லை. விரல்கள் பிழைபிழையாக எழுதின. 'பிள்ளை இறங்கு. அந்தப் பட்டி கூடாது. அம்மா தைச்சது.' ஒற்றைச் சரியடையாளம் விழுந்தது. இரண்டாவது விழவில்லை.

ஆரணனுக்குத் திரும்ப எடுத்து முழுவதையும் சொன்னாள்.

"அவளோட போன பெடியள் ஆரும் கீழ நிப்பினம். நான் அடிச்சுப் பாக்கிறன். நீங்கள் வையுங்கோ. வையுங்கோ சின்னம்மா."

அவள் முதல் படியில் உட்கார்ந்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. லைட்டைப் போடப் பயமாக இருந்தது, போடாமல் இருக்கவும் பயமாக இருந்தது. மேலிருந்து காற்று இறங்கியது. ஜன்னல் எல்லாம் பூட்டியிருக்கும் வீட்டுக்குள், உயரமான இடத்துக் காற்று, அகலமாக, வேகமாக. வோல்பேப்பரில் கையை வைத்தாள். சொரசொரவென்று இருந்தது. மிதுஷா மூச்சு வாங்கும்போது மூக்கால் ஒரு சின்னச் சத்தம் வரும், சின்ன வயதில் இழுப்பு இருந்த பிள்ளை. அந்தச் சத்தம் படிக்கட்டின் நடுவில் கேட்டது.

"மிது" என்று மெதுவாகக் கூப்பிட்டாள்.

நான்காவது தாங்கி. டக்.

காத்திருந்தாள்.

டக்.

"கடவுளே" என்று அழுதேவிட்டாள். இப்போது அவளுக்கு அந்தச் சத்தம் வேண்டும். இரண்டு டக் கேட்டால் பிள்ளை பிடித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு தாங்கி. ஒன்றே ஒன்று. அதைத் தாண்டினால் படி முடிந்தது, மேலே தட்டையான தரை. விழாதவளுக்குத் தையல் எப்படி இருந்தால் என்ன? விழாமல் போ. ராசாத்தி, விழாமல் போ.

ஒரு கூழாங்கல் மேலிருந்து உருண்டு வந்தது. படி படியாக. அவளுடைய காலடியில் வந்து நின்றது. மஞ்சள் கல். வெயிலில் காய்ந்த சூடு.

ஐந்தாவது தாங்கி.

டக்.

காத்திருந்தாள்.

போன் கைக்குள் வியர்த்தது. மெசின் அறையில் கடிகாரம் ஓடியது. காற்று நின்றுவிட்டது. மூச்சுச் சத்தமும் நின்றுவிட்டது.

இரண்டாவது வரவில்லை.

கைப்பிடி முழுவதும் ஒரே அடியாக அதிர்ந்தது. மேல் தாங்கியிலிருந்து சுண்ணாம்பு கொட்டியது. யோகமலர் எழுந்து நின்று, காதைத் தீட்டிக்கொண்டு, ஒரே ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தாள். பர்ர்ர். கிழி. தன் வாழ்நாளில் எந்தத் துணிக்கும் கேட்காததைக் கேட்டாள். கிழிந்துபோ. என்ர தையல் நாசமாய்ப் போகட்டும். கிழிந்துபோ.

வீடு அமைதியாக இருந்தது.

போன் வெளிச்சத்தை மேலே பிடித்தாள். ஐந்தாவது தாங்கியில் ஒரு கொக்கி மாட்டியிருந்தது. மற்றது சும்மா ஆடிக்கொண்டிருந்தது. கொக்கியிலிருந்து நாடா நேரே கீழே இழுபட்டு நின்றது, கம்பி மாதிரி விறைப்பாக. நாடாவின் முடிவில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத அந்தப் பாரத்தில் அது மெல்ல மெல்லச் சுழன்றது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

படிகளில் தவழ்ந்து ஏறினாள். கழுத்தில் நாடாவில் தொங்கிய தையல் பிரிக்கிற கத்தியைக் கையில் எடுத்தாள். குட்டிப் பையின் சிப் திறந்திருந்தது. கத்தியின் முனையை நூலுக்குக் கீழே செலுத்தப் பார்த்தாள். போகவில்லை. நூலுக்கும் நாடாவுக்கும் நடுவே முனை நுழைய இடமில்லை. மறுபடி குத்தினாள். கை வழுக்கியது. முனை முறிந்தது.

போன் படியில் விழுந்து அடிக்கத் தொடங்கியது. ஸ்பெயின் நம்பர். அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

அந்த வெளிச்சம் விட்டுவிட்டு மேலே பட்டது. அவள் பார்த்தாள். மெரூன் நூல். மூன்று வரிசை. நேராக, நெருக்கமாக, அவள் தைத்த அன்று இருந்தபடியே.

ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை.