தாகம் அடங்காத ஓக்

குளியல் தொட்டித் துளையின் ரப்பர் மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் நிரப்பி வைத்த தண்ணீர் பாதியாகிப் போயிருந்தது. சத்தியபாமா குனிந்து காது கொடுத்தாள். அடியில் எங்கேயோ யாரோ மிடறு மிடறாக விழுங்குவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மூடியைப் பிடுங்கினாள். சளி கட்டிய ஈர மயிர்போல வெள்ளை நார்கள் அதன் அடியில் ஒட்டிக்கொண்டு நீள நீள வந்தன, திரிந்த பாலும் பழைய இரத்தமும் கலந்த நாற்றத்தோடு. சவர்க்காரம் போட்டு எவ்வளவு கழுவியும் விரலிடுக்கில் அந்த வழவழப்புப் போகவில்லை.

எழுபத்தைந்தாம் ஆண்டு மெல்பேர்ணுக்கு வந்த பிறகு, எஞ்சினியரான அவள் கணவன் கேதீஸ்வரன் கடற்கரைப் பக்கம், பிளாக் ரொக்கில், இந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தான். சுற்றிலும் வெறும் மணல் தரை. அந்தக் கோடையில் தெரு முழுக்கப் புல் கருகிக் கிடக்க, பின்வளவில் நின்ற ஓக் மரம் மட்டும் கொழுத்து நின்றது. இலை உதிர்க்காத சாதி. மேலே கரும்பச்சையும் அடியில் சாம்பல் நிற மயிருமாகத் தடித்த இலைகள். அதற்கு ஒருவரும் தண்ணீர் ஊற்றியதில்லை.

குழாய் திருத்த வந்த வெள்ளைக்காரன், "ஓக் வேர்தான். மணலிலே ஈரம் இல்லையென்றால் குழாயைத் தேடி வந்துவிடும்" என்று சொல்லி, கத்தை கத்தையாக வெட்டி வாளியில் போட்டான். வெட்டுவாயிலிருந்து இளஞ்சிவப்பாக நீர் கசிந்தது. துரு என்றான். கையுறைகளையும் அதே வாளிக்குள் எறிந்துவிட்டுப் போனான்.

ஒரு கிழமையில் வேர் திரும்பி வந்தது. கேதீஸ்வரனுக்கு அதில் அருவருப்பே இல்லை. வேலையால் வந்தவுடன் தொட்டிக்குள் இறங்கிப் படுத்துவிடுவான். வர வர மெலிந்தான். தோல் உரிந்த இடமெல்லாம் ஈரமாக மினுங்கியது. பக்கத்தில் படுக்கும்போது அவன் மூச்சில் திரிந்த பால் மணத்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்தாள்.

"இஞ்சாருங்கோ, வேற வீடு பாப்பம். எனக்கு இதுக்குள்ள இருக்க ஏலாது."

"ஏன்? இந்த வெக்கைக்கு இதுதான் சுகம்" என்றான் அவன். நாக்கு வெளிறியிருந்தது.

சனிக்கிழமை பின்னேரம். கடல் காற்று விழுந்துபோய்ப் புழுக்கம் ஏறியிருந்தது. குசினியில் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்த விழுங்கும் சத்தம் சுவருக்குள்ளால், வழக்கத்தைவிட வேகமாக, ஆசையோடு உறிஞ்சுவதுபோலக் கேட்டது. கத்தியோடு போய்க் குளியலறைக் கதவைத் தள்ளினாள்.

தொட்டியில் தண்ணீர் இல்லை.

அவன் மல்லாந்து கிடந்தான். துளையிலிருந்து எழும்பிய வெள்ளை நார்கள் அவன் குதிக்காலுக்குள் போயிருந்தன. விலாவுக்குள். தொப்புளுக்குள். ஒவ்வொன்றும் வீங்கி, சுருங்கி, வீங்கியது. உள்ளே இளஞ்சிவப்பாக ஏதோ ஓடியது.

அவள் ஒரு கத்தையைப் பிடித்தாள். சூடாக இருந்தது. வெட்டினாள். முகத்தில் தெறித்தது. உதட்டில் பட்டது. இனித்தது.

"வெட்டாதையும்" என்றான் அவன், மெதுவாக. "குளிர்மையாக் கிடக்கு."

"கண்ணைத் திறவுங்கோ. என்னைப் பாருங்கோ."

திறந்தான். இமைக்குள் விழி இல்லை. வெள்ளை நார்கள் நெருக்கமாகச் சுருண்டு கிடந்தன. வெளிச்சம் பட்டதும் அவை மெல்ல அவிழ்ந்து, நுனிகளைத் தூக்கி, அவள் முகத்தின் ஈரத்தைத் தேடி நீண்டன.