கிழக்கே திரும்பிய டாங்கி

சிதம்பரம் மேலவீதியில் ஒரு தையல் கடையின் மாடியில் இருக்கிறது வெண்மதியின் துப்பறியும் அலுவலகம். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்துப் பார்த்து, எது விபத்து, எது வேஷம் என்று பிரித்துச் சொல்லிப் பழகியவர். இப்போது அதையே சொந்தமாகச் செய்கிறார். உதவிக்கு ஆன்டோ. கூரியர் வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்தவன். கையுறை மாட்டாமல் டீ கிளாசைக்கூடத் தொட மாட்டான்.

அந்தச் சனிக்கிழமை காலை படியேறி வந்தவர், பூத்துவாலையில் சுற்றிய எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஆன்டோ பதறி எழுந்து நாற்காலியை நகர்த்தினான்.

"கொழந்தைக்கு என்னா சார்?"

"கால் போயிடுச்சு தம்பி," என்றார் வந்தவர்.

துவாலையைப் பிரித்து மேசையில் வைத்தார். உள்ளே இருந்தது ஒரு ராணுவ டாங்கி. நிஜ டாங்கியைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கினால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. இடது பக்கச் சங்கிலி அறுந்து தொங்கியது. முன் சக்கரத்தின் அச்சு மேல்நோக்கி வளைந்திருந்தது.

வந்தவர் பெயர் கொளஞ்சியப்பன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பிளம்பிங் சாமான் கடை. கடையில் மீந்த துண்டு துணுக்கை வைத்தே வீட்டு மாடியில் இந்த டாங்கியைக் கட்டியிருக்கிறார்.

"ஆவடியில செஞ்ச பழைய விஜயந்தா டாங்கி மேடம். கடையில வாங்குன பார்ட் ஒண்ணு கெடையாது. சக்கரம் பி.வி.சி. பைப்ப வளையமா அறுத்தது. பீரங்கி கொடக் கம்பி. ஹெட்லைட்டு மாத்திர அட்டையில இருக்கற குமிழு. எனக்கு பி.பி. ஜாஸ்தி, அதனால அட்டைக்குப் பஞ்சமில்ல."

"யார் மேல சந்தேகம்?" என்றார் வெண்மதி.

"சந்தேகம் என்னா மேடம், நிச்சயமே. எம் மச்சான் செந்தமிழ்செல்வன். இந்த ஊர்லதான் லாரி பேட்டரி கட வெச்சிருக்கான். அவனும் பிஸ்கட் டின்ன வெட்டி ஒரு கவச ஜீப்பு பண்ணியிருக்கான். நாளைக்கு இங்க கல்யாண மண்டபத்துல மாடல் கண்காட்சி. எங்கிட்ட வாங்குன டிரில்லத் திருப்பிக் குடுக்கறேன்னு முந்தாநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான், தனியா மாடி ஏறினான். நேத்து வெள்ளிக்கிழம பூரா கடையில கூட்டம், நான் மாடிக்கே போவல. இன்னிக்குக் காலையில பாத்தா இந்தக் கோலம். நாளைக்கு மண்டபத்துல எல்லாத்துக்கும் எதிர்ல அவன் பேரச் சொல்லப் போறேன். நீங்க ஆதாரம் மட்டும் குடுங்க."

"சொன்னா என்ன ஆகும்?"

கொளஞ்சியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "தம்பி மேல பழியப் போட்டா காட்டுமன்னார்கோயிலுக்கு பஸ் ஏறிடுவேன்னு எம் பொண்டாட்டி பைய எடுத்து வெச்சுட்டா. அவ அம்மா வீடு. டாங்கியும் போச்சு, அவளும் போவப் போறா."

வெண்மதி பூதக்கண்ணாடியை எடுத்துச் சங்கிலியைப் பார்த்தார். சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள், கம்பியால் கோத்தவை. எல்லாம் கறுத்திருந்தன. அறுந்த இடத்தில் சில தகடுகள் மட்டும், அதுவும் தரையைத் தொடும் பக்கத்தில், புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னின. வலது சங்கிலியைத் திருப்பினார். அங்கும் அடிப்பக்கத்தில் கொஞ்சம் மினுமினுப்பு.

"கறுப்பு பெயிண்ட் போயிருக்கா?"

"பெயிண்டா!" கொளஞ்சியப்பனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "பித்தளைய மொட்ட மாடியில ஒரு மழக்காலம் பூரா கடலூர் உப்புக் காத்துல போட்டு வெச்சு, அதுவா கறுத்தது மேடம்."

"ஆசிட்!" என்று துள்ளினான் ஆன்டோ. "பேட்டரி கடை! ஆசிட் பட்டா பித்தள பளிச்சுன்னு ஆயிடும் மேடம்!"

கொளஞ்சியப்பன் அவனை நன்றியோடு பார்த்தார்.

"இவ்வளவு பித்தளை எங்க கிடைச்சுது?" என்றார் வெண்மதி.

கொளஞ்சியப்பன் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவ சீர்ல வந்த தாம்பாளம். பரண்ல சும்மா கெடந்துது. காணோம்னு இன்னும் தேடிக்கிட்டிருக்கா."

ஆன்டோவின் முகம் மலர்ந்தது. ஒரே வழக்கில் இரண்டாவது குற்றவாளி கிடைப்பது அவனுக்கு அதுதான் முதல் தடவை.

டாங்கியின் முன்தகட்டில் செங்கல் பொடியைத் தூவி, போர்க்களப் புழுதி படிந்த மாதிரி செய்திருந்தார் கொளஞ்சியப்பன். நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் புழுதி துடைக்கப்பட்டிருந்தது. கைரேகையை அழித்திருக்கிறார்கள் என்றான் ஆன்டோ.

"நீங்க பாத்தப்ப எப்படி இருந்துது?"

"மேல போத்துன துண்டு போத்துன மாதிரியே இருந்துச்சு. ஆனா வண்டி திரும்பியிருந்துச்சு மேடம். நான் எப்பவும் பீரங்கி மேற்க பாக்கத்தான் நிறுத்துவேன், சண்ட நடந்த நாட்டு எல்ல அந்தப் பக்கம்தான? காலையில அது கிழக்க பாத்துக்கிட்டு நிக்குது."

"கடலூர்ல கிழக்கே கடல்!" என்றான் ஆன்டோ. "கடல் வழியா வந்திருக்காங்க மேடம்."

வெண்மதி அவன் டீயை அவன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மதியம் மூவரும் கடலூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலிலேயே கொளஞ்சியப்பனின் மனைவி தமிழ்ச்செல்வி நின்றிருந்தார். அவர் காலடியில் ஒரு பயணப் பை.

"எந் தம்பி செய்யல," என்றார், வந்தவர்களை வாங்க என்று கூடச் சொல்லாமல். "அப்ப வேற யாருன்னு என்னக் கேக்காதீங்க. அவன் செய்யல, அவ்ளோதான்."

"அதான், கேட்டுக்கங்க," என்றார் கொளஞ்சியப்பன். "மொதல்ல வெயில்ல வந்தவுங்களுக்கு சர்பத் போடு செல்வி. வியாழக்கிழமதான எலுமிச்சம்பழம் வாங்கியாரச் சொன்ன?"

"தீந்துபோச்சு. மோர் தரேன்," என்று உள்ளே போனார் தமிழ்ச்செல்வி.

மாடி அறை ஒரு சின்ன யுத்த களமாக இருந்தது. தரை முழுக்க பி.வி.சி. அறுத்த வெள்ளைத் தூள். நடந்தால் பாதம் பதிந்தது. மேசைக்கு முன்னால் ஒரு தலையணை அளவு இடம் மட்டும் ஈரத்துணியால் துடைத்துப் பளிச்சென்று கிடந்தது. ஆன்டோ மண்டியிட்டு அந்த இடத்தைப் பல கோணங்களில் போட்டோ எடுத்தான். எழுந்தபோது முட்டி இரண்டும் வெள்ளையாக இருந்தன.

வெண்மதி மோரைக் குடித்து முடித்தார். "நாளைக்குக் காலையில கண்காட்சி தொறக்கறதுக்கு முன்னால எல்லாரும் மண்டபத்துக்கு வாங்க. அக்கா, நீங்களும்தான். பையும் வேணா எடுத்துக்கங்க. அங்கேர்ந்து காட்டுமன்னார்கோயில் பஸ்ஸு கிட்டத்தான்."

ஞாயிற்றுக்கிழமை காலை, கண்காட்சிக் கூடத்தில் மேசைகளுக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். பேச இடமில்லாமல் மணமகள் அறைக்குள் நுழைந்தார்கள். எந்தக் கல்யாணத்திலோ மிஞ்சிய ஜிகினா நிலைக்கண்ணாடியில் தொங்கியது. அதன் எதிரில் கால் உடைந்த டாங்கி. ஒரு பக்கம் கொளஞ்சியப்பன், மறு பக்கம் பையோடு தமிழ்ச்செல்வி. நடுவில் கவச ஜீப்பைக் கையில் ஏந்தியபடி செந்தமிழ்செல்வன். அவன் முகம் உப்பிப் போயிருந்தது.

"நான் ஆசிட் ஊத்துனனா மாமா? உங்க வண்டியிலயா? அந்தச் சங்கிலிக்குக் கம்பி கோத்துக் குடுத்ததே நான்தான?"

"அதான் எங்க அறுக்கணும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் கொளஞ்சியப்பன்.

"பாத்தீங்களா!" என்று பையைத் தூக்கினார் தமிழ்ச்செல்வி.

"ஒரு நிமிஷம் அக்கா," என்றார் வெண்மதி. "ஆசிட் ஊத்துறவன் மேலேர்ந்து ஊத்துவான். இதுல மேல் பக்கம் கறுப்பு அப்படியே இருக்கு. தரையத் தொடுற பக்கந்தான் மின்னுது. அப்ப ஈரம் கீழேர்ந்து வந்திருக்கு. அச்சும் மேல் பக்கமா வளைஞ்சிருக்கு. இந்த டாங்கி எதோ ஒரு உருண்டையான சாமான் மேல ஏறியிருக்கு. அந்த உருண்டைக்குள்ள பித்தளைய வெளக்குற சாறு இருந்திருக்கு."

ஆன்டோ வாயைத் திறந்தான். வெண்மதி கையமர்த்தினார்.

"கெடுக்கணும்னு வந்தவன் கெடுத்துட்டு ஓடுவான். இங்க வந்தவுங்க தரையத் தொடச்சிருக்காங்க, வண்டிமேல துண்டப் பழையபடி போத்தியிருக்காங்க. பதட்டத்துல, வண்டி எந்தப் பக்கம் பாத்து நின்னுதுன்னு மட்டும் மறந்துட்டாங்க. முன்தகட்டுல நடுவுல ஒரு வட்டம் தொடச்சிருக்கு. அதுவும் கைரேகைய அழிச்சது இல்ல. செல்வன் சார், உங்க கடைக்கு தெனம் லாரி வருதே. புது வண்டி மொத தடவ ரோட்டுக்குப் போறப்ப டிரைவர் என்ன பண்ணுவாரு?"

"கிழக்க பாக்க நிறுத்தி, முன்னால சந்தனம் குங்குமம் வெச்சு, சக்கரத்துக்கு அடியில..." செந்தமிழ்செல்வன் சட்டென்று நிறுத்தினான். கண்கள் மெல்ல அக்கா பக்கம் திரும்பின. "எலுமிச்சம்பழம்!"

தமிழ்ச்செல்வி பையை இன்னொரு கைக்கு மாற்றினார்.

"டாங்கி கட்டத் தெரிஞ்ச யாரும் இந்தத் தப்பப் பண்ணவே மாட்டாங்க," என்றார் வெண்மதி. "குடைக் கம்பியும் மாத்திரை அட்டையும்னு அவுங்களுக்குத் தெரியும், எங்க அழுத்தினா ஒடையும்னும் தெரியும். கொளஞ்சியப்பன் சார், உங்களுக்கும் உங்க மச்சானுக்கும் இது மாடல். இத நெசமான வண்டின்னு நம்புன ஒருத்தர்தான் இத எலுமிச்சம்பழத்து மேல ஏத்தியிருக்க முடியும். எந் தம்பி செய்யலன்னு சத்தியம் பண்ற அளவுக்கு ஒருத்தருக்குத் தெரியணும்னா, செஞ்சது யாருன்னும் தெரிஞ்சிருக்கணும். வெயில்ல வந்தவுங்களுக்கு சர்பத் போட வீட்டுல ஒரு பழங்கூட இல்ல."

தமிழ்ச்செல்வி பையைக் கீழே வைத்தார். முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழம நல்ல நாளுன்னு செஞ்சேன். மாடிய வுட்டு எறங்காத வண்டி, மொத தடவ வெளியூர் போவுது. எத்தன கண்ணு படுமோன்னு பயமா இருந்துச்சு. இதுல எந்தச் சக்கரத்துக்கு அடியில வெக்கறதுன்னே புரியல, பக்கத்துக்கு ஒண்ணு வெச்சேன். வலது பக்கம் நல்லா பழுத்தது, நசுங்கிடுச்சு. இடது பக்கம் காயி. நசுங்கல. மேல கைய வெச்சு அழுத்துனேன். டக்குன்னு ஒரு சத்தம்..." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இவுரு மாடியேர்ந்து எறங்கும்போதே எந் தம்பி பேரச் சொல்லிக் கத்திக்கிட்டு வராரு. எப்படிச் சொல்றது?"

கொளஞ்சியப்பன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அந்த மாடி அறைக்குள் துடைப்பம் எடுத்து வரக்கூட அவர் அவளை விட்டதில்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததாகவும் அவருக்கு நினைவில்லை.

"இது வெறும் குப்பைன்னு நீதான சொல்லுவ?"

"சொல்லுவேன். என் தாம்பாளத்த வெட்டி அதுல வண்டி ஓட்டுறீங்களே, எனக்குத் தெரியாதா? சங்கிலியில ஒரு தகட்டுல என் பேரு வெட்டுனதுல பாதி எழுத்து அப்படியே இருக்குது. பரண்ல கெடந்தத விட ஊரு பாக்குதேன்னு வுட்டுட்டேன். அப்ப அது என் வண்டியுந்தான?"

கொளஞ்சியப்பன் மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தார். யாரிடம் முதலில் கேட்பது, மனைவியிடமா மச்சானிடமா என்று தெரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் மச்சான் தோளைத் தொட்டார்.

"மச்சான், நான் பேசுனது தப்பு."

"வுடுங்க மாமா," என்றான் செந்தமிழ்செல்வன், இன்னும் முறைப்பாக. பிறகு முறைப்பு தாங்கவில்லை. "இப்ப ஒட்டவும் முடியாது, அச்சும் நேராவாது. இப்படியே வெப்போம். கீழ மண்ணக் கொட்டி ஒரு பள்ளம் பண்ணி, கொஞ்சம் கரித்தூள் தூவிட்டா, கண்ணிவெடியில மாட்டுன வண்டி. அக்கா, சமையக்கட்டுல கரி இருக்குதான்னு பாரு."

ஆன்டோ மண் அள்ள மண்டபத்தின் பின்பக்கம் ஓடினான். அன்று அவன் கையுறை முதன்முறையாக ஒரு காரியத்துக்கு உதவியது.

கண்காட்சி திறந்தபோது அந்த மேசையைச் சுற்றித்தான் கூட்டம். வெள்ளைச் சட்டை போட்ட ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தார்.

"தத்ரூபம் சார்! அந்த அச்சு வளைஞ்சிருக்கறத எப்படிப் பண்ணினீங்க?"

"ரொம்பக் கஷ்டம் சார்," என்றார் கொளஞ்சியப்பன்.

"கண்ணிவெடிதான? எதிரி வெச்சதா?"

கொளஞ்சியப்பன் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார். தமிழ்ச்செல்வி அவசரமாகக் கூரையைப் பார்த்தார்.

"இல்ல சார்," என்றார் கொளஞ்சியப்பன். "நம்ம பக்கத்து ஆளே வெச்சதுதான்."