மறுபடி காய்ச்சிய கருப்பட்டி

ஒரு எறும்புகூட வரவில்லை. சரக்கு அடுக்கும் கிட்டங்கியின் தரை முழுக்கக் கருப்பட்டி உருகி ஓடிக் கிடந்தது, காலை எடுத்து வைத்தால் செருப்பு பின்னாலேயே தங்கிவிட்டது. உடன்குடியில் அடுக்களையில் ஒரு சில்லு சிந்தினாலே சாரை சாரையாக வந்துவிடும் எறும்புகள் இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. இந்துமதிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

தீப்பிடித்த அன்று சாயங்காலம் அவள் புருஷன் சிவப்பிரகாஷுக்கும் அவளுடைய சொந்தத் தம்பி முத்துச்செல்வத்துக்கும் வாய்ச்சண்டை. கிட்டங்கியைப் பார்த்துக்கொண்டு அங்கேயே படுத்து எழும்பியவன் தம்பி. இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனதைத் தெருவே பார்த்தது. ராத்திரி கிட்டங்கி எரிந்தது. அதிலிருந்து அவன் போன் ஸ்விட்ச் ஆஃப்.

"ரோஷக்காரப் பய. திருப்பூர்ல எங்கனயாவது வேலைக்குச் சேந்திருப்பான். தானா கூப்பிடுவான் பாரு," என்றான் சிவப்பிரகாஷ்.

அவளும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கினாலும் கண் போனிலேயே இருந்தது.

கிட்டங்கியைச் சீர்படுத்தும் வேலை நடந்தது. தகரக் கூரையை மாற்றினார்கள். சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தால், மறுநாள் காலையில் அதன்மேல் பழுப்பாக ஏதோ கசிந்து பிசுபிசுவென்று வழிந்து நின்றது. நனைந்த கரியின் வாடை, கருகிய இனிப்பின் வாடை, அதற்கும் அடியில் ஆட்டுக்கொழுப்பு தீய்ந்த மாதிரி ஒரு வாடை. எத்தனை குளியல் போட்டாலும் அது தலைமுடியை விட்டுப் போகவில்லை. சோற்றை வாயருகே கொண்டுபோனாலும் அதே வாடை. சீ, என்ன பிழைப்பு இது என்று தட்டைத் தள்ளிவைத்தாள்.

பின்மூலையில் அடுக்கியிருந்த ஓலைப்பெட்டிகள்தான் மோசம். அத்தனையும் உருகி ஒன்றாகி, தீயணைப்பு வண்டி பீய்ச்சிய தண்ணீரில் அப்படியே இறுகி, ஆள் உயரத்துக்குக் கரும்பாறையாக நின்றது. அதை அள்ளிக் குப்பையில் போட்டுவிடலாம் என்றாள்.

"மழையில கரைஞ்ச கருப்பட்டியை மறுபடி காய்ச்சித் தேங்காச் சிரட்டையில ஊத்துதோம்லா? தீயில உருகினா மட்டும் என்ன? கருப்பட்டியை எந்த வியாபாரியும் தூரப் போட மாட்டான்," என்றான் அவன்.

அடுப்புக் கூட்டியது பேச்சித்தாய். கிட்டங்கியில் ரொம்ப நாளாக வேலை பார்க்கிறவள். பாறை வெளியே இரும்பாக இருந்தது, உள்ளே இளகியிருந்தது. பின்பக்கமாக ஒரு துளை போட்டு, இருட்டில் கையை விட்டு, வாளி வாளியாக அள்ளிக் கொப்பரையில் கொட்டினாள். கொதி வந்தபோது மேலே கண்கண்ணாக எண்ணெய் மிதந்தது. சாம்பல் நிறத்தில் நுரை கட்டியது. வழித்து எறிய எறிய வந்துகொண்டே இருந்தது. அடியில் தங்கிய கரிக்கட்டைகளை அரித்தெடுத்துக் குப்பையில் கொட்டினாள்.

"அக்கா, துணியில வடிச்சா முடிமுடியா நிக்கி. ஓலை நாருன்னு அண்ணாச்சி சொல்லுதாவ. எனக்கு என்னமோ கையை எத்தனை வாட்டி கழுவினாலும் அருவருப்பாத்தான் இருக்கு."

இந்துமதி எட்டிப் பார்த்தாள். வாயில் எச்சில் ஊறி, அதைத் துப்பிவிட்டு வந்தாள்.

கடையை மறுபடி திறந்த நாளில் நல்ல கூட்டம். முதல் கொப்பரைக் கருப்பட்டியில் சுக்குக் காப்பி போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். அந்த வீட்டுப் பெண் முதல் டம்ளரைக் குடித்தால்தான் அடுத்தவருக்கு ஊற்றுவார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். இனிப்புதான். தொண்டையில் மெழுகு மாதிரி ஒரு படலம் தங்கியது.

"நல்ல பதம்," என்றார் ஆத்தூரிலிருந்து வந்திருந்த மொத்த வியாபாரி.

காப்பி தீரப்போகிறது என்று இன்னும் கருப்பட்டி எடுக்க அவளை உள்ளே அனுப்பினான் சிவப்பிரகாஷ். புதுத் தகரம் வெயிலில் காய்ந்து, உள்ளே புழுங்கியது. பின்மூலையில் சடக்கென்று சத்தம். பாறை வெக்கையில் விரிசல் விட்டு, முன்பக்கம் ஒரு பெரிய சில்லாக உரிந்து விழுந்திருந்தது.

உள்ளே பொந்து.

போன் வெளிச்சத்தைப் போட்டாள். ஈரமான, பளபளக்கும் பொந்து. உள்சுவரில் அச்சு எடுத்த மாதிரி, குறுக்கிக்கொண்டு உட்கார்ந்த ஓர் ஆளுடைய முதுகின் பள்ளம். முழங்கால்களின் பள்ளம். தலைக்கு மேல் தூக்கிய இரண்டு உள்ளங்கைகள், ரேகையோடு பதிந்து.

அப்புறம் முகம்.

மூக்கு, கண்குழி, எல்லாம் உட்புறமாக. வாய் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பள்ளம் இல்லை. அங்கே ஒரு கருப்பட்டிக் கட்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. உருகி உள்ளே இறங்கி, தொண்டைவரை போய், அங்கேயே இறுகியது. அதைச் சுற்றிப் பல் தடம். மேல்வரிசையில் ஒரு பல் இன்னொன்றின்மேல் ஏறி. கடித்திருக்கிறான். உயிரோடு கடித்திருக்கிறான்.

சின்ன வயதில் அந்தத் தெத்துப்பல்லைச் சொல்லித்தான் அவனை அழவைப்பாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனவன் எப்போது திரும்பி வந்து படுத்தான்.

கத்த வாயைத் திறந்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. இனித்தது.

"ஏளா இந்து, ஆத்தூர் அண்ணாச்சி இன்னொரு டம்ளர் கேக்காவ. கொண்டா," என்று வெளியிலிருந்து சிவப்பிரகாஷ் குரல் கொடுத்தான்.

வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். அடியில், மூலையில், எல்லா இடத்திலும் தேடினாள்.

பொந்துக்குள் ஒன்றும் இல்லை. வாளி வாளியாக, சுத்தமாக வழித்து எடுத்திருந்தார்கள்.