விட்ட இடம்

ஏழாவது ஆள் திரும்பியிருந்தான்.

சாம்பிள் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் அவளுக்கு அது தெரிந்தது. துணியின் குறுக்கே வரிசை வரிசையாகக் கைகோத்து, பக்கவாட்டில் நடந்துபோகும் விரலளவு மனிதர்கள். ஒவ்வொரு வரிசையிலும் கடைசி ஆள் மட்டும் முகத்தைத் துணிக்கு வெளியே திருப்பியிருந்தான். கம்ப்யூட்டரில் பார்த்தாள். அங்கே அவனும் மற்றவர்களைப் போலப் பக்கவாட்டில்தான் இருந்தான். இருந்தாக வேண்டும். அவன் ஆறாவது ஆளின் நகல். நகலெடுத்து ஒட்டியவள் அவளே.

அம்மாவின் பெட்டியில் கிடைத்த ஒரு பழைய போர்வையிலிருந்து எடுத்த டிசைன் அது. போர்வை அம்மாவுக்கும் ஐந்தாறு தலைமுறைக்கு முன்னால் நெய்தது. அதில் ஒவ்வொரு வரிசையிலும் ஏழாவது இடம் வெறுமையாக இருந்தது. திரைச்சீலைக்காக அவள் அதைப் புதிதாக வரைந்தபோது, துணியைத் துணியோடு சேர்த்துத் தைக்கும் இடத்தில் அந்த இடைவெளி பல் விழுந்த வாய் போல உறுத்தியது. பெரியம்மாவிடம் போனில் கேட்டாள்.

"நூல் பத்தாம விட்டதில்லடி. வேணும்னே விடறது. நம்ம வீட்ல அந்த இடத்தை யாரும் தொட மாட்டாங்க."

"தொட்டா என்ன ஆகும்?"

"தொட்டவங்க யாராவது இருந்தாத்தானே கேக்கறதுக்கு!"

பெரியம்மா சிரித்தாள். அவளும் சிரித்தாள். போனை வைத்துவிட்டு அந்த இடத்தை நிரப்பினாள்.

இப்போது சாம்பிளோடு அடுத்த அறைக்குப் போனாள். அம்மா போன பிறகு இந்தப் பட்டறையும் அண்ணனும்தான் அவளுக்கு மிச்சம். அவள் வரைவாள், அவன் அச்சடிப்பான். காதில் செருகிய பென்சிலோடு அவன் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டிருந்தான்.

"வா டிசைனரம்மா. உன் ஆளு என்னையே முறைக்கிறான் பாரு. மூஞ்சி வேற உன்னை மாதிரியே உர்ருன்னு."

"நிறுத்திடுண்ணா. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"நாப்பது மீட்டர் ஓடிடுச்சு. இப்ப நிறுத்தினா மை காஞ்சு அடைச்சுக்கும். இன்னும் இருபதுதான். போய் டீ குடி, போ."

அவள் போனாள். உட்கார முடியவில்லை. எழுந்து கை கழுவினாள், ஜன்னலைச் சாத்தினாள், மறுபடி திறந்தாள். சூடான மையின் வாடையோடு நெடுநாள் மூடிக்கிடந்த பெட்டியின் வாடையும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. சுவருக்கு அப்பால் மெஷின் இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று தேய்ந்து தேய்ந்து ஓடும் சத்தம், அதன்மேல் அண்ணனின் சீட்டி, பாதிப் பாட்டு, திரும்ப அதே பாதி.

சீட்டி நின்றது.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா?"

நாற்காலி காலியாக இருந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடு ஆறவில்லை. அவன் செருப்பு கீழே கிடந்தது. அந்த அறைக்கு வேறு வாசல் இல்லை.

கூடையில் மடிந்து விழுந்திருந்த துணியை அவள் முனையிலிருந்து இழுத்தாள். முதல் வரிசையில் ஏழாவது ஆள் முகம் திருப்பியிருந்தான். இன்னும் இழுத்தாள். கையை விடுவித்திருந்தான். இன்னும். வரிசையைவிட்டு ஓரடி முன்னால் வந்திருந்தான். அவள் கைகள் வேகமாயின. இப்போது முழங்கை அளவு. இப்போது ஆளுயரம். துணியின் அகலம் முழுக்க ஒரு முகம்.

பிறகு யாரும் இல்லை. ஆறு பேர். ஒரு வெற்றிடம்.

அடுத்த வரிசை.

ஏழு பேர். ஏழாவது ஆள் கைகோத்து, பக்கவாட்டில், நடந்துகொண்டிருந்தான்.

காதில் பென்சில்.

மெஷினுக்குள் அடுத்த வரிசை பாதத்திலிருந்து மேல்நோக்கி, கோடு கோடாக வந்துகொண்டிருந்தது. பாதங்களை எண்ணினாள். எட்டு ஜோடி. எட்டாவதில் வார் அறுந்த செருப்பு. அறுந்த இடத்தில் ஊக்கு.

குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

பிளக்கைப் பிடுங்கினாள்.

அந்தத் துணியை எரித்துவிடலாம். ஆனால் அண்ணன் அதில் இருக்கிறான். அம்மாவின் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாள். தினமும் காலையில் திறந்து பார்க்கிறாள். கணுக்கால்வரை வந்து நின்றுபோன அந்தக் கடைசி வரிசை முந்தாநாள் முழங்காலைத் தொட்டது. நேற்று இடுப்பு, எட்டாவதில் அவள் பின்னலின் நுனி. இன்று கழுத்து. ஏழாவதின் கை எட்டாவதின் கையை இறுகப் பிடித்திருக்கிறது.

முகங்கள்தான் இன்னும் வரவில்லை.