தூசுண்ணிக்குப் பசியில்லை

"நீங்கதான் ஒதைச்சீங்க—"

"நான் எங்க ஒதைச்சேன், கால் பட்டுச்சு—"

"கால் பட்டா கூடத்துல கெடந்தது குளியலறை வாசலுக்குப் போயிருமாங்க—"

"நடுவழியில செத்துக் கெடந்தா நான் பறந்தா போறது? மொதல்ல சார்ஜ் ஏறுதான்னு பாரு, நேத்ரா," என்றான் சர்வேஷ்.

ஏறவில்லை. நேற்றும் ஏறவில்லை, முந்தாநாளும் ஏறவில்லை. நேத்ரா வீடு கூட்டும் எந்திரமான தூசுண்ணியைத் தூக்கி, வயிற்றுப்பக்கத்தைத் துப்பட்டாவால் துடைத்து, அதன் மேடைமேல் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. எல்லாம் சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று பொருள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. ஆமையைப்போல் உட்கார்ந்திருந்தது.

"நாளைக்குக் காலைல நான் ரயிலேறணுங்க. இது ஓடலைன்னா நான் எப்படிப் போறது?"

"போகாம இருக்க முடியுமா? பேரு வந்தாச்சு."

"இப்பிடிச் சொல்றீங்க. ராத்திரி மூச்சு வாங்குனா யாரு எந்திரிக்கறது?"

தூத்துக்குடி அலைமின் நிலையத்தில் ஆறு மாதப் பயிற்சி. நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு வந்த முதல் வேலை. கணவன் சர்வேஷுக்கோ இளைப்பு நோய். இரண்டு நாள் கூட்டாத வீட்டில் அவன் நெஞ்சு விசிலடிக்கும். குனிந்து கூட்ட அவனால் ஆகாது.

"நீ சீமாறு எடுப்பியா, கண்ணு?" என்றாள் மகள் ஆழினியிடம்.

"சீமாறா? அது இன்னும் கடையில விக்குதாம்மா? எனக்குப் பரீட்சை இருக்குது."

பெட்டி வாசலோரம் தயாராக நின்றது. நேத்ரா அதைப் பார்த்தாள், தூசுண்ணியைப் பார்த்தாள். பழுது பார்க்கும் கடைக்குச் சொல்லி அனுப்பினாள்.

வந்தவள் பெயர் வெண்பா. தோளில் கருவிப்பை. தூசுண்ணியைப் பிரித்தாள், மூடினாள். மேடையைத் திருப்பினாள், ஒயரை உருவிப் பார்த்தாள்.

"மின்கலம் புதுசு மாதிரி இருக்குதுங்க்கா. மேடையும் நல்லாத்தான் இருக்குது. பகிர்வானைத்தான் கேக்கணும்."

கோபிசெட்டிபாளையத்து மற்ற வீடுகளைப் போலவே அங்கும் கூடத்துச் சுவரில் ஒரு பகிர்வான் இருந்தது. வீட்டுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் மின்சாரம் என்று ஆனபிறகு, எதற்கு முதலில், எதற்குப் பிறகு என்று குடும்பங்களுக்குள் ஓயாத சண்டை. பகிர்வான் வந்துதான் அது அடங்கியது. அதற்கு யாரும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடத்திலும் சமையலறையிலும் அதற்குக் கண்ணும் காதும் உண்டு. பார்த்துப் பழகி, அந்தந்த வீட்டு வழக்கப்படி பங்கு வைக்கும். தங்கள் வழக்கம் இன்னதென்று யாரும் அதனிடம் கேட்டதில்லை. சண்டை நின்றதே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

எந்திரங்கள் தங்களுக்குள் பேசுவது வெளியே கேட்காது. வெண்பா ஒரு குமிழைத் திருகி அந்தப் பேச்சைத் திறந்துவிட்டாள்.

"தூசுண்ணிக்கு ஏன் நீ குடுக்கல?"

"கேட்கவில்லை," என்றது பகிர்வான்.

"கேக்கலையா? செத்துக் கெடக்குது பாரு."

"நான் ஒவ்வொரு சுற்றிலும் வேண்டுமா என்கிறேன். அது வேண்டாம் என்கிறது."

வெண்பா தலையைச் சொறிந்தாள். "எத்தனையோ வீடு பாத்திருக்கேனுங்ணா. வேண்டாங்கற எந்திரத்தை இப்பத்தான் பாக்கறேன்."

"வெரதம் இருக்குதாட்ட இருக்குது," என்றான் சர்வேஷ்.

"உடம்பு எளைக்கப் பாக்குதுப்பா. ரொம்ப உருண்டையா இருக்குதல்ல," என்றாள் ஆழினி.

நேத்ராவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "நான் ஒரு நாள் அதைச் சத்தம் போட்டேன், அம்மிணி. வெளக்கு வெச்சப்பறம் கூட்டாதேன்னு. அதுல கோவிச்சுக்கிச்சோ?"

"அப்படி இருக்காதுங்க்கா. எதுக்கும் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க."

நேத்ரா கூச்சத்தோடு குனிந்தாள். "இனிமே நீ எப்ப வேணாலும் கூட்டிக்கோ. நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்."

தூசுண்ணி அசையவில்லை. தெற்குப் பார்த்து வைத்ததுதான் காரணம் என்று சர்வேஷ் சொன்னான். மேடையைக் கிழக்கே திருப்பினார்கள். கிழக்கிலும் அது சும்மாதான் உட்கார்ந்திருந்தது. அதற்குள் மதியமாகிவிட்டது.

"சாப்பிட்டுப் போங்க, அம்மிணி."

"இல்லீங்க்கா, இன்னொரு வீட்டுக்குப் போகோணும்."

"அரிசிம்பருப்புச் சோறுதான். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க. வெயில் வேற."

வெண்பா உட்கார்ந்தாள். சர்வேஷும் ஆழினியும் உட்கார்ந்தார்கள். குக்கரைத் திறந்ததும் பூண்டு வாசம் கூடத்துக்கு வந்தது. நேத்ரா நின்றபடி பரிமாறினாள்.

"மொதல்ல எனக்குப் போடு, மாத்திரை போடணும். நெய் இன்னும் கொஞ்சம்," என்றான் சர்வேஷ்.

"எனக்கு மட்டும் ஏன் ஒரே அப்பளம்?" என்றாள் ஆழினி.

"நீங்களும் உக்காருங்க்கா," என்றாள் வெண்பா.

"எனக்குப் பசியில்லை, அம்மிணி. நீங்கெல்லாம் சாப்பிடுங்க. மீந்தாப் போதும்."

அந்நேரம் பகிர்வான் தன் மதியச் சுற்றைத் தொடங்கியது. "காட்சிச்சுவர்?"

"முதலில் எனக்கு. இன்னும் கொஞ்சம்," என்றது சர்வேஷ் நாள்முழுக்கப் பார்க்கும் காட்சிச்சுவர்.

"படிப்புவிளக்கு?"

"எனக்கு மட்டும் ஏன் குறைவு?" என்றது ஆழினியின் விளக்கு.

"தூசுண்ணி?"

கூடத்து மூலையிலிருந்து ஒரு மெல்லிய குரல் வந்தது. "எனக்குப் பசியில்லை. எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும். மீந்தால் போதும்."

வாய்க்குப் போன கை அப்படியே நின்றது, மூவருக்கும்.

"அக்கா," என்றாள் வெண்பா மெதுவாக, "இது உங்க கூடவேதான் சுத்துதுங்களா?"

"நாளெல்லாம் என் காலடியிலதான் கெடக்கும். ஏன்?"

"எந்திரம் யாரோட அதிகமாப் பழகுதோ, அவங்ககிட்ட இருந்துதான் கேக்கறதுக்குப் படிச்சுக்கும். அங்க பாருங்க, அண்ணா மாதிரியே சுவரு. பாப்பா மாதிரியே வெளக்கு."

"இத்தனை நாளு ஓடுச்சே?"

"மீந்துதுங்க்கா. இந்தக் கோடைக்குப் பங்கைக் கொறைச்சுட்டாங்க. இப்ப மீதின்னு ஒண்ணுமில்லை."

சர்வேஷ் தட்டைத் தள்ளிவைத்தான். "சரி, திருத்தி விட்ருங்க."

"கையால திருத்த முடியாதுங்ணா. கண்ணால பாத்துத்தான் மாறும். அக்கா மொதல்ல உக்காந்து, வேணும்னு கேட்டுச் சாப்பிடோணும். சும்மா நடிச்சாக் கண்டுபிடிச்சிரும்."

நேத்ரா சிரித்துவிட்டாள். மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு சுவரோரம் உட்கார்ந்தாள். தட்டு வந்தது. சோறு வரவில்லை. யார் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் சர்வேஷ் எழுந்து கரண்டியை எடுத்தான்.

"எவ்ளோ போடட்டும்?"

"உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"நீ சாப்பிடறப்ப நான் எங்க பாத்திருக்கேன்? நீயே சொல்லு."

நேத்ரா யோசித்தாள். "எனக்கும் தெரியலைங்க. அடியில எவ்ளோ இருக்குதோ அதுதான்."

அவன் ஒரு கரண்டி போட்டான். "போதுங்க," என்றாள் அவள்.

"போதும்," என்றது மூலையிலிருந்து தூசுண்ணி.

"வாய வெச்சுகிட்டுச் சும்மா இரு, புள்ள," என்று மூலையைப் பார்த்து அதட்டினான் சர்வேஷ்.

அவள் ஒரு வாய் வைத்தாள். திடுக்கிட்டுக் கையை உதறினாள். "சுடுதுங்க."

"இப்பத்தானம்மா எறக்குனே," என்றாள் ஆழினி.

அவள் ஊதி ஊதிச் சாப்பிட்டாள். எல்லாரும் தன் வாயையே பார்ப்பது அவளுக்குக் கூசியது. வாசலோரம் நின்ற பெட்டி கண்ணில் பட்டது. இன்னொரு கரண்டி வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறோமா, நிஜமாகவே பசிக்கிறதா என்று அவளுக்கே பிடிபடவில்லை. தட்டு காலியானதும் பிடிபட்டது.

"இன்னும் வேணுங்க."

சர்வேஷ் போட்டான்.

"நெய்யும்."

நெய்யும் வந்தது. அவள் மறுபடி கேட்டாள். மறுபடியும் கேட்டாள். குக்கரின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. சர்வேஷ் குக்கருக்குள் எட்டிப் பார்த்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்தவன் அவன்.

"தூசுண்ணி?" என்றது பகிர்வான்.

"எனக்கு வேண்டும்," என்றது தூசுண்ணி. "இன்னும் வேண்டும்."

மேடை மெல்ல முனகியது. பச்சை விளக்கு துடிக்கத் தொடங்கியது.

"ஏறுதுங்க்கா," என்று வெண்பா கையைக் கழுவப் போனாள்.

அவள் திரும்பி வருவதற்குள் காட்சிச்சுவர் அணைந்தது. ஆழினியின் அறைக்குள் விளக்கு போனது. சர்வேஷின் கட்டிலருகே சுற்றிக்கொண்டிருந்த காற்றுவடிப்பான் இரண்டு முறை திக்கி நின்றது.

"எனக்கு," என்றது காட்சிச்சுவர்.

"எனக்கு மட்டும் ஏன்," என்றது விளக்கு.

"ஏனுங்க அம்மிணி, என் மூச்சு எந்திரம்," என்றான் சர்வேஷ்.

"அதோட பங்கு எப்பவும் சுவத்துக்கு அப்பறந்தானுங்ணா, இப்பச் சுவத்துக்கே—" என்று தொடங்கிய வெண்பா பாதியில் நிறுத்தினாள். அவளுக்கும் சரியாகப் புரியவில்லை.

நேத்ரா எழப் போனாள். எச்சில் கையோடு, தட்டின் முன்னால், எதற்கு எழுகிறோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

"வீட்டு வழக்கம் மாறியதைப் பதிந்துகொண்டேன்," என்றது பகிர்வான். "ஒரு விவரம் மட்டும் தேவை."

சர்வேஷ் காலிக் குக்கரும் கரண்டியுமாக நின்றான். ஆழினி தன் தட்டிலிருந்த அரை அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருப்பது எல்லாருக்கும் போதாது. நாளையிலிருந்து இந்த வீட்டில் கடைசியில் சாப்பிடப் போகிறவர் யார்?"